குறுக்கு அட்டவணையில் மட்டும் தெரிபவர்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆறாவது வருடம் பொல்லாத வருடம். உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவர் அதுவரை செய்ததையெல்லாம் ஒரு கோப்பாகக் கட்டி மேலே அனுப்ப வேண்டும். எழுதிய கட்டுரைகள், வாங்கிய ஆய்வு மானியங்கள், மாணவர்கள் போட்ட மதிப்பெண்கள், உட்கார்ந்த கமிட்டிகள், வெளிப் பல்கலைக்கழக மூத்த பேராசிரியர்கள் ஐந்தாறு பேர் தரும் கடிதங்கள் எல்லாம் அதில் இருக்கும். துறை ஓட்டுப் போடும், அப்புறம் கல்லூரி, அப்புறம் டீன், அப்புறம் அதற்கும் மேலே. தேறினால் டென்யூர், அதாவது வேலை நிரந்தரம். தேறாவிட்டால் இன்னும் ஒரு வருடம் சம்பளம் உண்டு, பிறகு வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான்.

அமெரிக்கத் தென்மாநிலம் ஒன்றின் அரசுப் பல்கலைக்கழகத்தில், பொதுச் சுகாதாரத் துறையில் புள்ளியியல் கற்றுத்தருகிறேன். அந்தக் கோப்பைக் கட்டும் இடத்திலும் இருந்திருக்கிறேன், கமிட்டியில் உட்கார்ந்து மற்றவர்கள் கோப்பைப் படிக்கும் இடத்திலும் இருந்திருக்கிறேன். கறுப்பினப் பெண் ஆசிரியர்களின் வேலையில் இனமும் பாலினமும் சேர்ந்து என்ன செய்கின்றன என்பது எனக்குப் பிடிபட்டது பெரும்பாலும் அந்த இரண்டாவது இடத்தில்தான். கோப்புகள் ரகசியம் என்பதால், கமிட்டியைப் பற்றிச் சொல்பவற்றைப் பலருடைய அனுபவத்திலிருந்து கலந்து, ஆள் தெரியாமல் சொல்கிறேன். தோழி என்று நான் சொல்பவர் மட்டும் ஒரே ஆள். பல வருடம் பக்கத்து அறையில் இருந்தவர், கிராமப்புறக் கறுப்பினப் பெண்களின் பிரசவகால உடல்நலத்தை ஆராய்பவர். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். நம் பெண்கள் நிறையப் பேர் பிஎச்.டி. முடித்து இங்கே வேலைக்கு வருகிறார்கள். வந்த கொஞ்ச நாளில் கமிட்டிகளிலும் உட்காருவார்கள். அவர்களுக்கு இது உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் எண்ணிக்கை. அமெரிக்கக் கல்வித்துறையின் 2020 கணக்குப்படி கல்லூரி, பல்கலைக்கழக முழுநேர ஆசிரியர்களில் கறுப்பினப் பெண்கள் சுமார் 4 சதவீதம். முழுப் பேராசிரியர் என்ற மேல்படிக்குப் போனால் அது 2 சதவீத அளவுக்கு இறங்கிவிடுகிறது. இதில் ஸ்பெல்மன், ஹோவர்ட் மாதிரி, கறுப்பின மாணவர்களுக்கென்றே தொடங்கிய கறுப்பினக் கல்லூரிகளும் அடக்கம். அவற்றைக் கழித்துவிட்டால் எங்களைப் போன்ற இடங்களில் இன்னும் மெலியும். பிரிட்டனில் நிலைமை இதைவிட மோசம். 2019இல் நிக்கோலா ரோலக்கின் அறிக்கை வெளிவந்தபோது அந்த நாடு முழுவதிலும் கறுப்பினப் பெண் பேராசிரியர்கள் 25 பேர்தான். அதில் 20 பேரை அவர் நேர்காணல் செய்திருந்தார்.

ஒரு துறையில் ஒரே ஒருவர் இருந்தால் என்ன ஆகும்? எல்லாக் கமிட்டிக்கும் அவர் வேண்டியிருக்கும். வேலைக்கு ஆள் எடுக்கும் கமிட்டியில் ஒரு பெண் வேண்டும், ஒரு சிறுபான்மையினர் வேண்டும் என்பார்கள். அவரைப் போட்டால் இரண்டு கட்டத்திலும் டிக் அடித்துவிடலாம். புதிய மாணவர் வரவேற்பா, அவர். இணையதளத்துக்குப் போட்டோவா, அவர். வளாகத்தில் ஏதாவது இனவெறிச் சம்பவம் நடந்தால் அவசரக் குழுவிலும் அவர்தான். 1994இலேயே உளவியலாளர் அமாடோ படில்லா இதற்குப் பண்பாட்டு வரி என்று பேர் வைத்துவிட்டார். பேர் வைத்து முப்பது வருடம் தாண்டியும் வரி குறையவில்லை.

கமிட்டியாவது கோப்பில் ஒரு வரியாக வரும். வராத வேலை வேறு இருக்கிறது. தோழியின் அறை வாசலில் எப்போதும் ஒன்றிரண்டு பேர் நிற்பார்கள். பாதிப் பேர் அவருடைய மாணவர்களே இல்லை, என்ஜினீயரிங்கிலிருந்தும் நர்சிங்கிலிருந்தும் வருபவர்கள். குடும்பத்தின் முதல் பட்டதாரி, லேபில் ஒரே கறுப்பு முகம், வீட்டிலிருந்து பணம் வரவில்லை, படிப்பை விட்டுவிடலாமா என்று யோசிப்பவர்கள். நான் நாலு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டுரை எழுதுவேன். அந்த நேரத்தில் பக்கத்துச் சுவருக்கு அப்பால் யாரோ அழுதுகொண்டிருப்பார்கள். பல்கலைக்கழகம் அந்த மாணவர்களின் பட்டத்தைத் தன் வெற்றிக் கணக்கில் காட்டும். அதற்கு உழைத்தவரின் கோப்பில் அந்த நேரம் எங்கேயும் இருக்காது, கட்டுரை ஒன்று குறைவாக இருப்பது மட்டும் தெரியும்.

தோழி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார், நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். ஒரு எக்செல் ஷீட். தேதி, எத்தனை நிமிடம், என்ன வகை வேலை. வகைகளும் நாலைந்துதான்: பாடத் தேர்வு, சிபாரிசுக் கடிதம், மனநல மையத்துக்கு அனுப்பியது, பண உதவிக்கு வழிகாட்டியது, இப்படி. மாணவர் பெயர் கிடையாது. அரசுப் பல்கலைக்கழகத்து ஆவணங்களைப் பொதுப் பதிவுச் சட்டத்தில் யாராவது கேட்டு வாங்கலாம், அதனால் பெயர் எழுதவே கூடாது என்பதில் அவர் கறார். செமஸ்டர் முடிவில் கூட்டிப் பார்த்து, வருடாந்திர மதிப்பீட்டுக் கடிதத்தில் ஒரு பத்தியாகச் சேர்ப்பார். முதல் தடவை அதைப் பார்த்த துறைத்தலைவர் நம்பவில்லை. ஷீட்டைக் காட்டிய பிறகு ஒரு செமஸ்டருக்கு ஒரு பாடம் குறைத்துக் கொடுத்தார்கள். வாய்வார்த்தையாக "எனக்கு வேலைப்பளு அதிகம்" என்று அவர் அதற்கு முன் சொன்னபோதெல்லாம் கிடைத்தது, "நேர நிர்வாகம் பற்றி ஒரு பயிற்சிப் பட்டறை இருக்கிறதே, போகலாமே" என்ற யோசனை.

முடியாது என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள் என்று எல்லோரும் அறிவுரை சொல்வார்கள். எனக்கு அந்த அறிவுரை மேல் பெரிய மரியாதை இல்லை. ஒரு வெள்ளைக்கார ஆண் பேராசிரியர் முடியாது என்றால் ஆய்வில் மூழ்கியிருக்கிறார் என்பார்கள். கறுப்பினப் பெண் அதையே சொன்னால் ஒத்துழைக்காதவர், முகம் கொடுத்துப் பேசாதவர். தோழி முடியாது என்று சொல்லவே மாட்டார். "துறைத்தலைவரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்பார். பிறகு துறைத்தலைவருக்கு ஒரு மெயில்: இப்போது என்னிடம் இந்த நாலு பொறுப்பு இருக்கிறது, இது ஐந்தாவது, இதை எடுத்தால் எதை விடட்டும்? பதில் எழுத்தில் வந்துவிடும். விடச் சொன்னது துறைத்தலைவர், இவர் இல்லை. புதிதாகச் சேரும் யாரும், எந்த நாட்டுக்காரரும், முதல் வாரத்திலேயே பழக வேண்டியது இது.

அடுத்தது மாணவர் மதிப்பீடு. இதில் எனக்குத் தொழில் ரீதியாகவே கோபம் உண்டு. ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு அளவுகோல். வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு பேர் நிரப்புவார்கள், நன்றாகப் பிடித்தவர்களும் அறவே பிடிக்காதவர்களும். அதற்கு இரண்டு தசமத்தில் சராசரி போட்டு, இவர் 4.21, துறை சராசரி 4.38, ஆகவே சராசரிக்குக் கீழே என்று கமிட்டியில் வாசிப்பார்கள். என் முதலாண்டு மாணவர் இப்படி எழுதினால் மார்க் போட மாட்டேன். 2015இல் ஒரு ஆய்வு வந்தது. இணைய வகுப்பு என்பதால் மாணவர்களுக்கு ஆசிரியரின் முகம் தெரியாது. ஒரே ஆசிரியர் ஒரு குழுவுக்கு ஆண் பெயரிலும் இன்னொரு குழுவுக்குப் பெண் பெயரிலும் கற்பித்தார். ஆண் பெயருக்குத்தான் அதிக மதிப்பெண். சின்ன ஆய்வுதான், அதை வைத்து உலகத்தையே அளக்க முடியாது. ஆனால் கனடாவில் ரயர்சன் பல்கலைக்கழக வழக்கில் 2018இல் நடுவர் தீர்ப்பே வந்தது: பதவி உயர்வுக்கும் டென்யூருக்கும் கற்பித்தல் திறனை அளக்க இந்த மதிப்பெண்களைப் பயன்படுத்தக் கூடாது என்று.

எண்ணைவிட எழுத்து மோசம். ஒரே பாடத்தை ஒரே கண்டிப்போடு நடத்தும் இருவரில் ஒருவருக்கு "தரத்தில் சமரசம் செய்யாதவர்" என்று வரும், கறுப்பினப் பெண்ணுக்கு "மிரட்டுகிறார்" என்று வரும். உடை பற்றி, குரல் பற்றி, தலைமுடி பற்றிக்கூட எழுதுகிறார்கள். தலைமுடியில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றலாம். இயல்பான சுருள்முடியோடும் பின்னல்களோடும் வேலைக்கு வருவதைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்று சட்டமே போட வேண்டியிருந்தது. கலிஃபோர்னியா 2019இல் முதலில் போட்டது, பிறகு பல மாநிலங்கள். அப்புறம் விளிப்பு. பிஎச்.டி. முடிக்காத வெள்ளைக்கார உதவியாளரைப் புரொஃபசர் என்று அழைக்கும் மாணவர்கள் தோழியை மிஸ் என்று கூப்பிடுவார்கள். அவர் பாடத்திட்டத்தின் முதல் வரியிலேயே தன்னை எப்படி அழைக்க வேண்டும் என்று போட்டுவிடுவார். கர்வம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். நானும் போட ஆரம்பித்தேன், என்னை யாரும் முணுமுணுக்கவில்லை.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கும் இங்கே பாகுபாடு உண்டு. என் உச்சரிப்பைப் பற்றி மதிப்பீட்டுத் தாளில் எழுதாத வருடம் இல்லை. ஆனால் என் மேல் ஒட்டிய லேபிள் வேறு: கடின உழைப்பாளி, கணக்கில் கெட்டி, வம்பு பண்ண மாட்டாள். எரிச்சலூட்டும் லேபிள்தான், ஆனாலும் டென்யூர் கமிட்டியில் அது எனக்கு உதவியது. தோழி வேலைக்குத் தகுதியானவரா என்ற கேள்வி தினமும் காலையில் புதிதாகத் தொடங்கும். என்னிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. சில சமயம் என்னைக் காட்டியே அவர் வாயை அடைத்ததும் உண்டு. நம் துறையில்தான் பன்முகத்தன்மை இருக்கிறதே, இதோ இவர் இருக்கிறாரே என்று. நம்மவர்கள் மட்டும் என்ன யோக்கியம்? வார இறுதி விருந்தில் தோழியையும் அழைத்திருந்தபோது, அவர் கிளம்பின பிறகு என்னிடம் வந்து அவர் எந்த ஏரியாவில் இருக்கிறார், அங்கே ராத்திரி போனால் பத்திரமா என்று கேட்ட அண்ணன்மார்களும் அக்காமார்களும் உண்டு. அவர் என் தெருவுக்கு அடுத்த தெருவில்தான் இருந்தார்.

கூட்டங்களைப் பற்றி ஒன்று. துறைக் கூட்டத்தில் தோழி ஒன்றைச் சொல்வார், அறை அமைதியாக இருக்கும். கூட்டம் முடிந்ததும் மூன்று பேர் தனித்தனியாக அவர் அறைக்கு வந்து "நீங்கள் சொன்னது ரொம்பச் சரி" என்று கிசுகிசுத்துவிட்டுப் போவார்கள். இது எதற்கும் உதவாது என்று அவர் ஒருநாள் வெடித்துச் சொன்னார். கிசுகிசுப்பு அறிக்கையில் ஏறாது. அறைக்குள்ளேயே, எல்லோர் முன்னாலும், "அவர் சொன்ன கருத்தைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்க வேண்டும்" என்று சொன்னால் போதும். பெரிய வீரம் தேவைப்படாத வேலை. ஆனால் டென்யூர் இல்லாதவர் யோசித்துச் செய்யட்டும், இருப்பவருக்குச் சாக்கு கிடையாது.

எந்தக் கூட்டத்திலும் நான் உபயோகமாக இருந்தது ஒரு விஷயத்தில்தான், அதுவும் என் தொழில் சம்பந்தப்பட்டது. வருடா வருடம் ஆள் சேர்ப்பு, பதவி உயர்வு பற்றி ஒரு அறிக்கை வரும். ஒரு அட்டவணையில் ஆண், பெண். இன்னொரு அட்டவணையில் வெள்ளையர், கறுப்பினத்தவர், ஆசியர், ஹிஸ்பானியர். பெண்கள் கூடியிருக்கிறார்கள், நல்லது. கறுப்பினத்தவரும் கொஞ்சம் கூடியிருக்கிறார்கள், நல்லது. கைதட்டு. கூடிய பெண்கள் அத்தனை பேரும் வெள்ளைக்காரப் பெண்களாகவும், கூடிய கறுப்பினத்தவர் எல்லோரும் ஆண்களாகவும் இருந்தால்? இரண்டு அட்டவணையும் நன்றாகவே இருக்கும், கறுப்பினப் பெண்கள் எண்ணிக்கை பூஜ்யமாகக்கூட இருக்கலாம். இரண்டையும் குறுக்காக வைத்து ஒரே அட்டவணையாகப் போட்டால்தான் அந்தக் கட்டம் கண்ணுக்குத் தெரியும்.

இது வெறும் கணக்குப் புதிர் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் மேல் ஐந்து கறுப்பினப் பெண்கள் போட்ட வழக்கில் 1976இல் நீதிமன்றம் சொன்னது ஏறக்குறைய இதுதான். அந்தக் கம்பெனி 1964க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. பிறகு ஆட்குறைப்பு வந்தபோது கடைசியில் வந்தவர் முதலில் வெளியே என்ற விதி. 1970க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் எல்லோருக்கும் வேலை போயிற்று. நீதிமன்றம் பார்த்தது: கம்பெனி பெண்களை எடுத்திருக்கிறது (வெள்ளைக்காரப் பெண்கள்), ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை. இனப் பாகுபாடு என்றால் கறுப்பின ஆண்கள் போட்ட வழக்கோடு சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரு தனி வகையாகக் கேட்க முடியாது. சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதிய கட்டுரை இந்த வழக்கைத்தான் பிரித்துப் போட்டது. இன்டர்செக்‌ஷனாலிட்டி (பாகுபாடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம்) என்று இன்று எல்லோரும் உருட்டும் சொல் அதில்தான் வந்தது. ஆக, நீங்கள் எந்தத் துறையில் இருந்தாலும் இப்படி ஒரு அறிக்கை வரும்போது கை தூக்கிக் குறுக்கு அட்டவணையைக் கேளுங்கள். எண்ணிக்கை ரொம்பச் சின்னது, தனிநபர் அடையாளம் தெரிந்துவிடும் என்று பதில் வரலாம். அப்படியானால் ஐந்து வருடத்தைச் சேர்த்துக் கொடுங்கள், அல்லது துறைவாரியாக இல்லாமல் கல்லூரி முழுவதற்கும் கொடுங்கள் என்று கேட்கலாம். புள்ளியியலில் அதற்கெல்லாம் வழி இருக்கிறது.

மானியக் கதைக்கு வருவோம். 2011இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் மானியங்களைப் பார்த்தது. கல்வி, முந்தைய வெளியீடுகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் கறுப்பின விண்ணப்பதாரர்களுக்கு மானியம் கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிடச் சுமார் 10 சதவீதப் புள்ளிகள் குறைவு. 2019இல் வந்த இன்னொரு ஆய்வு அந்த இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தலைப்புத் தேர்வால் வருகிறது என்றது. சமூக நலன், மக்கள் உடல்நலம் சார்ந்த தலைப்புகளைக் கறுப்பின ஆய்வாளர்கள் அதிகம் எடுக்கிறார்கள், அந்தத் தலைப்புகளுக்கே மானியம் குறைவு. தோழிக்கு வந்த விமர்சனக் குறிப்புகளில் "குறுகிய தலைப்பு", "ஆய்வாளர் தன் சொந்த சமூகத்தையே ஆராய்கிறார்" என்பவை திரும்பத் திரும்ப வரும். வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் ஊரில் வெள்ளைக்காரர் ஒருவர் இதயநோயை ஆராய்ந்தால் சொந்த சமூகம் என்று யாரும் எழுதுவதில்லை. நம் ஊரில் தலித் ஆய்வாளர்கள் இதே குறிப்பைக் கேட்டிருப்பார்கள், அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேற்கோளிலும் இதுவே நடக்கிறது. மானுடவியலாளர் கிறிஸ்டன் ஸ்மித் 2017இல் "கறுப்பினப் பெண்களை மேற்கோள் காட்டுங்கள்" என்று ஒரு டி-ஷர்ட் அச்சடித்ததில் தொடங்கியது ஒரு இயக்கமாகவே ஆனது. நான் கட்டுரை அனுப்புவதற்கு முன் மேற்கோள் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே பார்ப்பேன். பாதி நேரம் யாரையாவது விட்டிருப்பது தெரியும்.

இதெல்லாம் இன்று நேற்று வந்ததும் இல்லை. சேடி அலெக்சாண்டர் 1921இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் பிஎச்.டி. வாங்கினார், அந்தத் துறையில் முதல் கறுப்பின அமெரிக்கர். எந்தப் பல்கலைக்கழகமும் வேலை தரவில்லை. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் கணக்குப் பார்த்தார், பிறகு சட்டம் படித்து வக்கீலானார். ஹார்வர்ட் சட்டக் கல்லூரியில் டென்யூரோடு ஒரு கறுப்பினப் பெண்கூட இல்லை என்று பேராசிரியர் டெரிக் பெல் 1990இல் சம்பளமில்லா விடுப்பில் வெளியேறினார். 1992இல் அவர் வேலை போயிற்று. அங்கே டென்யூரோடு முதல் கறுப்பினப் பெண்ணாக லானி குனியர் வந்து சேர்ந்தது 1998இல்.

2021இல் வட கரோலினாவில் நடந்ததை வேலை தேடுகிற எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். பத்திரிகையாளர் நிகோல் ஹன்னா-ஜோன்ஸுக்கு சாப்பல் ஹில் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் இருக்கை கிடைத்தது. அவருக்கு முன் அங்கே அதே வகை இருக்கையில் வந்தவர்களுக்கு டென்யூர் சேர்த்தே கொடுத்திருந்தார்கள். இவருக்கு மட்டும் ஐந்து வருட ஒப்பந்தம். விஷயம் வெளியே வந்து பெரிய எதிர்ப்பு கிளம்பிய பிறகு ஜூன் 30 அன்று நிர்வாகக் குழு 9க்கு 4 என்று ஓட்டுப் போட்டு டென்யூர் தந்தது. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஹோவர்டுக்குப் போனார். புலிட்சர் பத்திரிகை விருது வாங்கியவருக்கே இப்படி. வேலை உத்தரவுக் கடிதத்தில் எழுதாத எதையும் நம்பாதீர்கள். பாடச் சுமை, ஆய்வுத் தொடக்க நிதி, எத்தனை கமிட்டி, மகப்பேறு விடுப்பு எடுத்தால் டென்யூர் கடிகாரம் (அந்த ஆறு வருடக் கெடு) நிற்குமா, உங்களுக்கு முன் அந்த இடத்தில் இருந்தவருக்கு என்ன கொடுத்தார்கள், எல்லாவற்றையும் கையெழுத்துக்கு முன் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று நம் பெண்கள் தயங்குவார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால்தான் கோபித்துக்கொள்வார்கள்.

தோழிக்கு டென்யூர் கிடைத்தது. இரண்டொரு வருடத்தில் ஒரு கறுப்பினப் பல்கலைக்கழகத்துக்கு மாறிவிட்டார். அங்கே பாடச் சுமை அதிகம், ஆய்வு வசதி குறைவு, சம்பளமும் அப்படி ஒன்றும் ஏறவில்லை. "ஆனால் காலையில் வேலைக்குப் போனதும் வேலையைத் தொடங்கிவிடுகிறேன்" என்றார். அவர் வேலை தேடுகிறார் என்று தெரிந்ததும் எங்கள் நிர்வாகம் பதில் சலுகை எதுவும் தரவில்லை. கிளம்பிய பிறகு, போகும் ஊழியர்களிடம் எடுக்கும் வழக்கமான நேர்காணலையும் யாரும் எடுக்கவில்லை. நீங்கள் துறைத்தலைவராக வந்தால் அந்த நேர்காணலை நீங்களே எடுங்கள், எழுதி வையுங்கள்.

இப்போது காற்று மாறியிருக்கிறது. டெக்சஸில் எஸ்.பி. 17 சட்டம் 2024 ஜனவரி முதல் அரசுப் பல்கலைக்கழகங்களின் பன்முகத்தன்மை அலுவலகங்களை (சிறுபான்மை மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் துணையாக இருந்தவை) மூடிவிட்டது, வேறு சில மாநிலங்களும் அதே வழியில் போகின்றன. அந்த அலுவலகங்களைப் பற்றி எனக்குப் பெரிய மயக்கம் இருந்ததில்லை, சிலது போஸ்டர் ஒட்டுவதோடு சரி. ஆனால் அந்த அலுவலகங்கள் செய்துவந்த வேலை இல்லாமல் போய்விடவில்லை. அழும் மாணவர் அலுவலகம் மூடியிருந்தாலும் வருவார், அதே கதவுக்குத்தான் வருவார். எங்கள் கமிட்டியில் நாங்கள் மாற்ற முடிந்தது துறையின் உள்விதிகளை மட்டும்தான், அதற்கு எந்த அலுவலகமும் வேண்டியிருக்கவில்லை. மதிப்பீட்டு எண்ணைத் தசமத்தில் ஒப்பிடக் கூடாது. உடல், உடை, குரல் பற்றிய குறிப்புகளைக் கோப்பிலிருந்து நீக்கிவிட வேண்டும். சக ஆசிரியர்கள் இருவர் வகுப்பில் வந்து உட்கார்ந்து, முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஒரே படிவத்தில் எழுத வேண்டும். மாணவர் வழிகாட்டலுக்குத் தனிப் பக்கம், மணிக்கணக்கோடு. இவற்றில் இனம் என்ற சொல்லோ பாலினம் என்ற சொல்லோ எங்கேயும் இல்லை, ஆகவே யாரும் எதிர்க்கவும் இல்லை. தசமத்தை விட மனசில்லாத ஒரு மூத்தவர் மட்டும் எதிர்த்து ஓட்டுப் போட்டார்.

வெளிக்கடிதம் எழுதச் சொல்லி உங்களுக்கு அழைப்பு வரும்போதும் ஒன்று செய்யலாம். கட்டுரை எண்ணிக்கையை மட்டும் அனுப்பியிருப்பார்கள். அவருடைய முழு வேலைப் பட்டியலையும், அந்தத் துறையில் மற்றவர்களுக்குச் சராசரியாக எத்தனை கமிட்டி என்பதையும் அனுப்பச் சொல்லி ஒரு மெயில் போடுங்கள். பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள். அனுப்பாவிட்டால், கேட்டேன், கிடைக்கவில்லை என்று கடிதத்தின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். கமிட்டியில் உட்கார்ந்திருப்பவர்கள் வேறு எதைப் படிக்காவிட்டாலும் முதல் பத்தியைப் படிப்பார்கள்.